டீசலில் கொஞ்சம் 2டி ஆயில்

இன்ஜினுக்கு ஆயில் தனி, டீசல் தனி. டீசல் பம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது தள்ளுகிற டீசலேதான் அதற்கு ஆயிலும். பம்புக்குள் இருக்கும் எலிமெண்ட் என்பது ஒரு பேரலும் அதற்குள் ஏறி இறங்குகிற பிளஞ்சரும் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி மூன்று நான்கு மைக்ரான்தான். ரிங் கிடையாது, சீல் கிடையாது. அந்த இடுக்கில் நிற்கிற டீசல்தான் அழுத்தத்தையும் தாங்க வேண்டும், இரும்போடு இரும்பு உரசாமலும் காக்க வேண்டும். அதனால் டீசலில் கொஞ்சம் எண்ணெய் கலந்தால் பம்புக்கு நல்லது என்று ஒருவர் நினைத்தால் அதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. எங்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்காரர்கள், போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

டீசல் பம்ப் பழுது பார்க்கிற என் கடைக்கு வந்து, "ஏனுங்ணா, டேங்குல 2டி ஆயில் ஊத்தலாங்களா?" என்று கேட்பார்கள். 2டி என்பது டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பெட்ரோலில் கலக்கிற ஆயில். கேட்கும்போதே ஊற்ற ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பம்ப்காரன் வாயால் ஒரு 'சரி' வர வேண்டும், அவ்வளவுதான். நான் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. என்ன வண்டி, என்ன பம்ப், டீசல் எங்கே போடுகிறீர்கள் என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். இந்த மூன்றும் தெரியாமல் சொல்கிற பதில் எதுவாக இருந்தாலும் அது வாய்ச்சொல்தான்.

நான் தொழில் கற்றது எண்பதுகளில், சேலத்தில். அப்போது வருவதெல்லாம் இன்லைன் பம்ப். லாரிக்காரர்கள் பாஷையில் 'மைகோ பம்ப்'. 1951இல் தொடங்கிய அந்தப் பெங்களூர்க் கம்பெனி 2008இல் பாஷ் என்று பேர் மாறியும், எங்கள் பக்கத்தில் அது இன்றைக்கும் மைகோதான். ஆறு சிலிண்டர் வண்டி என்றால் ஆறு எலிமெண்ட் வரிசையாக நிற்கும். அவற்றைத் தூக்கிவிடுகிற கேம் ஷாஃப்ட் கீழே பம்பின் வயிற்றில், தனி ஆயிலில் சுற்றும். சில பம்புகளுக்கு அந்த ஆயில் இன்ஜினிலிருந்தே வரும். பழைய பம்புகள் பலவற்றில் நாம்தான் ஊற்ற வேண்டும், லெவல் பார்க்க வேண்டும். எலிமெண்ட் தேயத் தேய டீசல் கீழே கசிந்து அந்த ஆயிலோடு கலக்கும். லெவல் ஏறும், ஆயில் தண்ணீராக இளகிவிடும். டேங்கில் மறக்காமல் 2டி ஊற்றுகிற டிரைவர், பம்ப் ஆயிலை வருஷக்கணக்கில் திறந்தே பார்த்திருக்க மாட்டார். பிளக்கைக் கழற்றினால் கறுப்புத் தண்ணீராக டீசல் கொட்டும். கேம் ஷாஃப்ட் பேரிங் கடகடவென்று ஆடும். எண்ணெய் வேண்டியது ஓரிடம், ஊற்றினது வேறிடம்.

இப்படிப்பட்ட பம்புக்கு டீசலில் கலக்கிற ஆயிலால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. தாங்கிக்கொள்ளும். பி.எஸ். 4 என்ற புகை விதி வந்த 2017இல்கூட லேலண்ட் தன் பெரிய லாரிகளில் இன்லைன் பம்பை விடவில்லை. அதன் முரட்டுத்தனம் நம் ஊர் டீசலுக்கு ஒத்துப்போனது.

ரோட்டரி பம்ப் வேறு ஜாதி. டீசல் அம்பாசடர், சிம்சன் இன்ஜின் போட்ட மாஸே டிராக்டர் இதிலெல்லாம் வந்தது. கையடக்கமாக இருக்கும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே ரோட்டார் சுற்றிச் சுற்றி டீசலைப் பங்கு போடும். ரோட்டார், ஹெட், கேம் ரிங், ரோலர், டிரான்ஸ்ஃபர் பம்ப் பிளேடு எல்லாமே டீசலில்தான் முழுகிக் கிடக்கும். சொட்டு ஆயில் வெளியிலிருந்து வராது. டீசல் கெட்டால் முதலில் படுப்பது இதுதான்.

டீசலைக் கெடுத்தது நம் ஊரில் முதலில் மண்ணெண்ணெய். 2005, 2006 வாக்கில் டீசல் லிட்டர் 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் 10 ரூபாய்க்குள். இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீலச் சாயம் காட்டிக்கொடுக்கும் என்பதால் சாயத்தை எடுத்துவிட்டுக் கலந்தார்கள். மண்ணெண்ணெய் டீசலைவிட இளசு, வழவழப்பும் குறைவு. அதில் ஓடிய ரோட்டரி பம்பைக் கழற்றினால் கேம் ரிங்கில் ரோலர் போன தடம் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். நெடுஞ்சாலையில் ஓடுகிற டிரைவர் பெட்ரோல் பங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஓனர் சொன்ன இடத்தில், கடன் கிடைக்கிற இடத்தில் போட வேண்டும். 2டி ஆயில் பழக்கம் பலப்பட்டது அந்தக் காலத்தில்தான். பங்குக்காரர் மேல் இல்லாத நம்பிக்கையைப் பாட்டிலில் வாங்கி ஊற்றினார்கள். அந்த டீசலுக்கு, அந்தப் பம்புக்கு, அது வீண் செலவு இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் எண்ணெய் ஊற்றினவர் சொல்கிற பலன் வேறாக இருக்கும். தேய்மானம் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை, அது கண்ணுக்குத் தெரியாது. "சத்தம் கொறஞ்சிருச்சு, வண்டி நல்லா புடிக்குது" என்பார்கள். இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது.

டிராக்டர்காரர் ஒருவர் வந்தார். "காலையில ஒரே செல்ஃப்ல புடிச்சுக்குதுங்க. உழுதுட்டு மத்தியானம் சோத்துக்கு நிறுத்திட்டா அவ்வளவுதான், தள்ளினாத்தான் ஆகுது."

"பம்ப் மேல ஈரச் சாக்கு போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டாப் புடிக்குதுங்க. அப்பறம் ஒருத்தர் சொன்னாருன்னு டேங்குல ரெண்டு லிட்டர் இன்ஜின் ஆயில் ஊத்துனேன். சாக்கே வேண்டியதில்லைங்க, புடிச்சுக்குது. போன மாசத்துலருந்து மறுபடியும் அதே கதை."

பம்பைக் கழற்றாமலே சொல்லிவிடலாம், ஹெட் தேய்ந்துவிட்டது. டீசல் சூடேறினால் அதன் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, அழுத்தம் ஏறுவதற்குள் இளகின டீசல் தேய்ந்த இடுக்கு வழியாக நழுவ நேரம் கிடைத்துவிடுகிறது. நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் வருவதில்லை. தள்ளினால் சுற்று வேகம் கூடுகிறது, பிடித்துக்கொள்கிறது. ஈரச் சாக்கு போட்டால் பம்பும் அதிலிருக்கிற டீசலும் ஆறிக் கெட்டிப்படுகிறது. இன்ஜின் ஆயில் ஊற்றினாலும் அதே கெட்டிதான். ஆக அவர் ஊற்றின எண்ணெய் பம்பைக் காப்பாற்றவில்லை, பம்ப் தேய்ந்ததை மறைத்தது. மேலும் தேய்ந்ததும் மறைக்க முடியாமல் போயிற்று. இந்த வித்தையைப் பழைய டிராக்டர் விற்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: அரை மணி நேரம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடியுங்கள். அதோடு டேங்க் மூடியைத் திறந்து டீசல் நிறத்தையும் பாருங்கள்.

கெட்டித்தன்மை வேறு, வழவழப்பு வேறு. லிட்டருக்கு 5 மில்லி, அதாவது 200க்கு 1 என்று ஊற்றுகிற 2டி ஆயில் டீசலைக் கெட்டியாக்குவதில்லை, அதற்கு அந்த அளவு போதாது. இரும்பின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி உரசலைக் குறைப்பதுதான் அது செய்யக்கூடிய வேலை. அந்த ஒட்டுகிற குணம் டீசலுக்கே இயல்பாக உண்டு. அது ஏன் குறைந்தது என்பதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் 10,000 பி.பி.எம். வரை, அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு இருக்க அனுமதி இருந்தது. 2000இல் நாடு முழுக்க 2,500 ஆயிற்று. பி.எஸ். 2இல் 500, பி.எஸ். 3இல் 350, பி.எஸ். 4இல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6, வெறும் 10. "கந்தகத்தை எடுத்துட்டான், டீசல்ல பசையே இல்ல" என்பது கடைக்குக் கடை கேட்கிற பேச்சு. டீசலுக்குப் பசை கொடுத்தது கந்தகம் இல்லை. கந்தகத்தை எடுக்க ஆலையில் ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைக்கும்போது, ஆக்ஸிஜன், நைட்ரஜன் சேர்ந்த சில பொருள்களும் கூடவே போய்விடுகின்றன. இரும்பில் ஒட்டுகிறவை அவைதான். முதலில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது ஸ்வீடன். 1990களின் தொடக்கத்தில் கந்தகமே இல்லாத அளவுக்குச் சுத்தமான டீசலைக் கொண்டுவந்தார்கள், கொஞ்ச நாளிலேயே ரோட்டரி பம்புகள் வரிசையாகப் படுத்தன. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஆலையிலேயே வழவழப்புக்கு மருந்து சேர்க்கும் வழக்கம் வந்தது.

அதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. 60 டிகிரிச் சூட்டில் டீசலுக்குள் ஒரு தட்டு, அதன் மேல் 6 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு. விநாடிக்கு 50 முறை, 75 நிமிஷம் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார்கள். குண்டில் விழுந்த தேய்மானத் தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். நம் ஐ.எஸ். 1460 விதிப்படி அது 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. நல்ல பங்கில் வாங்கும் பி.எஸ். 6 டீசல் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. ஆலையில் இதற்காகச் சேர்ப்பது பத்து லட்சம் பங்குக்கு ஓரிரு நூறு பங்கு. 200க்கு 1 என்று 2டி ஊற்றினால் அதே கணக்கில் 5,000 பங்கு. அத்தனை ஊற்றியும் அந்த மருந்து செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் 2டி செய்யும், ஏனென்றால் அது பெட்ரோலோடு எரிவதற்காகச் செய்த ஆயில், டீசல் பம்புக்காகச் செய்ததில்லை.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. பம்ப் எதனால் செத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரு லென்ஸும் ட்யூப் லைட்டும்தான்.

எலிமெண்டைச் சுத்தமான டீசலில் அலசி எடுக்க வேண்டும். உரசும் இடத்தில் கைபடக் கூடாது, வியர்வை பட்டால் ராத்திரிக்குள் துரு பூக்கும். பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால் தன் எடையிலேயே மெதுவாக, எங்கும் தடுக்காமல் இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் தேய்ந்தது, நின்றுவிட்டால் எங்கோ பிடிக்கிறது. ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொன்றுக்குள் போடக் கூடாது, ஜோடி மாறினால் ஒன்று இறங்காது அல்லது ஒழுகும். பிறகு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். புதுப் பிளஞ்சரில் முகம் தெரியும். டீசல் உள்ளே வரும் துவாரத்துக்கு எதிரே, அதுவும் பிளஞ்சரில் இருக்கும் சாய்வு வெட்டை ஒட்டி, மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு மங்கல் திட்டு இருந்தால் அது நைஸ் தூசி அரித்தது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தால் பெரிய மணல், ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது விலை குறைந்த டூப்ளிகேட் ஃபில்டர் போட்டிருப்பார்கள். பழுப்புப் புள்ளியும் சிறு குழியும் என்றால் தண்ணீர். தண்ணீரில் துருப்பிடித்து பிளஞ்சர் இறுகினால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக்கும் நகராது. அது முழு டீசல் விடுகிற நிலையில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் ரேஸாகி, கவர்னருக்கும் அடங்காமல் கத்தும். கிளீனர் பையன்கள் சாக்கை எடுத்துக்கொண்டு ஏர் ஃபில்டர் வாயை அடைக்க ஓடுவார்கள். கடைசியாக ஒரு தடம்: பளபளவென்று ஒரு பக்கமாக இழுவிய மாதிரி, ஒரு இரும்பு இன்னொன்றின் தோலை உரித்து எடுத்த மாதிரி இருக்கும். வழவழப்பு போனதற்கு அடையாளம் அது ஒன்றுதான்.

என் மேஜைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தூசியும் தண்ணீரும் தின்றவை. நாலாவது தடம் மண்ணெண்ணெய் ஓடிய ரோட்டரிகளிலும், டேங்க் காலியாகும்வரை ஓட்டின வண்டிகளிலும்தான் அடிக்கடி பார்த்தேன். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் மணலுக்கு அது மருந்தாகாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய் மாதக்கணக்கில் தங்கும். டீசல் பேரலில் வரும், கைப்பம்பால் இறைத்து ஊற்றுவார்கள், பக்கத்திலேயே போர் போடுகிற தூசி பறக்கும். ராத்திரி குளிரில் பாதி காலியான பேரலின் உள்சுவரில் தண்ணீர் வேர்க்கும். அப்படி வந்த ஒரு பம்போடு உரிமையாளர் ஆயில் பாட்டிலையும் கொண்டுவந்து காட்டினார், தவறாமல் ஊற்றியதற்குச் சாட்சியாக. ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் விரல்கடை தண்ணீர்.

தண்ணீரை "கரைத்துவிடும்" என்று எழுதின மருந்து பாட்டில்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டீசலோடு சேராமல் அடியில் தங்கினால்தான் அதைத் திறந்துவிட முடியும். கரைத்துக் கலக்கிவிட்டால் ஃபில்டரைத் தாண்டிப் பம்புக்குள் போகும். அந்த வகைப் பாட்டிலை நான் கடையில் வைப்பதில்லை.

எந்த எண்ணெய் என்பதிலும் ஆளுக்கொரு வைத்தியம். இன்ஜின் ஆயிலில் துத்தநாகம், கால்சியம் சேர்ந்த மருந்துகள் உண்டு. அவை எரிந்தால் சாம்பலாகும், நாசில் நுனியில் கரி கட்டும். கழித்த இன்ஜின் ஆயிலை வடிகட்டி ஊற்றுகிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள், அதிலிருக்கிற இரும்புத் துகள் துணியில் நிற்கிற அளவா என்ன? விளக்கெண்ணெய் வழவழப்பில் ராஜா, ஆனால் டீசலில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். 2003ஐ ஒட்டிப் பயோடீசல் பேச்சு கிளம்பிக் காட்டாமணக்கு நட்டார்களே, அப்போது புங்க எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றிப் பார்த்தவரின் நாசில்களை நான் கழற்றியிருக்கிறேன். கோந்து ஒட்டிக்கொண்டு ஊசி அசையவில்லை. அதே எண்ணெயை முறைப்படி பயோடீசலாக மாற்றி நூற்றுக்கு 2 பங்கு கலந்தால் 2டியைவிட நன்றாக வழவழப்புக் கொடுக்கும், அது நிரூபணமான விஷயம். சிக்கல், 'பயோ டீசல்' என்ற பெயரில் விலை குறைவாக டேங்கரில் வந்து விற்கிற சரக்கு பெரும்பாலும் பயோடீசலே இல்லை என்பதுதான்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு நிறுத்தி வைக்கிற காமன் ரெயில் வந்த பிறகு என் பதிலும் மாறிவிட்டது. 1,600, 2,000 பார் அழுத்தம். இன்ஜெக்டருக்குள் அசைகிற பாகங்களின் இடைவெளி இன்னும் இறுக்கம். பம்ப் ஒருமுறை வறண்டு உரசினால் அதன் அரப்பொடி ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கிலிருந்து கழுவி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், லட்சத்தைத் தாண்டும். பயந்துபோய் எண்ணெய் ஊற்றத் தோன்றும். ஆனால் பி.எஸ். 6 வண்டியில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது 600 டிகிரிச் சூட்டில் எரித்துக்கொள்ளும். சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். 2டியில் நல்ல ரகத்துக்குச் சாம்பல் குறைவு, இல்லாமலில்லை. இன்ஜின் ஆயில் என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு வாரண்டியும் போய்விடும். இந்த வண்டிக்காரர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்: கம்பெனி ஃபில்டர், கூட்டம் வந்துபோகிற பங்கு, டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டாதீர்கள்.

சென்ற மாதம் வந்தவரிடம் இரண்டு வண்டி, பி.எஸ். 6 டிப்பர் ஒன்று, அப்பா வாங்கின மாஸே ஒன்று. டிப்பருக்கு எதுவும் ஊற்றாதீர்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. மாஸேக்கு ஊற்றலாம், தப்பில்லை என்று சொல்லி, தரக் குறியாக ஜாசோ எஃப்.சி. என்று அச்சிட்டிருக்கிற ஆயிலாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். லிட்டருக்கு 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். முதலில் ஆயில், அப்புறம் டீசல், அப்போதுதான் கலங்கிச் சேரும். வாரம் ஒருமுறை ஓட்டுவதற்கு முன்னால் ஃபில்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்ணீர் போய் டீசல் வரும்வரை விடுங்கள். "அந்த ஸ்க்ரூ திறந்தா மறுபடி ஒழுகுதுங்ணா" என்றார். ஒழுகத்தான் செய்யும், அதன் வாஷர் அப்பா காலத்தது. ஒரு பொட்டலத்தில் நாலு வாஷர் போட்டுக்கொடுத்தேன், 20 ரூபாய்.